நான் அவளிடம் கேட்டது அதல்ல: சிதறால் மலையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். இன்று வீட்டு முற்றத்தில் அமராமல் கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலையின் மேலே வந்து, கேமராவைப் பாறையில் நிறுத்திவிட்டுப் பேசுகிறேன். எனக்குப் பின்னால் கீழே தெரிவது தென்னையும் ரப்பரும்; அதற்கும் அப்பால் மேற்கே பார்த்தால் எல்லை தாண்டிக் கேரளம். காற்று பலமாக அடிப்பதால் குரல் இடையிடையே தேயக்கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் களியக்காவிளைப் பேருந்து நிலையத்தில் என்னிடம் முன்பு படித்த ஒரு மாணவியைச் சந்தித்தேன். திருவனந்தபுரத்தில் தத்துவம் எம்.ஏ. சேரப்போவதாகச் சொன்னவர், சற்றுத் தயங்கிவிட்டு, "சார், தத்துவம் படித்தால் சாமி நம்பிக்கை போய்விடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள், உண்மையிலேயே போய்விடுமா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பேருந்து வந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் தர்க்கமும் தத்துவமும் கற்பித்தவன் என்ற முறையில், அந்தப் பிள்ளைக்கு நான் கடன்பட்டிருக்கும் விடையைத்தான் இன்று சொல்ல முயல்கிறேன்.

இந்த மலைக்கு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. திருச்சாரணத்துமலை என்று பழைய கல்வெட்டுகள் சொல்லும் இந்த இடம், ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் சமணத் துறவிகளின் உறைவிடமாக இருந்தது. பாறையின் முகத்தில் தீர்த்தங்கரர்களின், அதாவது சமணர்கள் வணங்கும் அருளாளர்களின், உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதைச் சமணர்கள் ஏற்கவில்லை. வெறுமனே மறுத்துவிட்டுப் போகாமல் வாதம் வைத்தார்கள்: படைத்தவனுக்கு ஒரு விருப்பம் இருந்தது என்றால் அவனிடம் ஏதோ குறை இருந்ததாகிவிடும், விருப்பமே இல்லை என்றால் அவன் படைத்ததற்குக் காரணம் இல்லாமல் போகும். இத்தனை கூர்மையாகத் தர்க்கம் செய்த அந்தச் சமயத்தைச் சேர்ந்த குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி, வரகுணனின் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில், இம்மலையின் பட்டாரியாருக்கு, அதாவது இங்கிருந்த தேவிக்கு, பொன் அணிகள் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பிற்காலத்தில் இந்த இடமே பகவதி கோவிலாகவும் ஆகிவிட்டது.

ஆகவே, அறிவு ஒரு பக்கமும் நம்பிக்கை மறுபக்கமும் நின்று வடம் இழுக்கின்றன என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் படம் இந்தப் பாறையிலேயே பொருந்தவில்லை. படைப்புக் கடவுளைத் தர்க்கத்தால் மறுத்தவர்களும் சமயத்தார்தான். தேவிக்குப் பொன் கொடுத்தவரும் அவர்களில் ஒருவர்தான்.

மணிமேகலையில் ஒரு காட்சி வருகிறது. சேரர் தலைநகரான வஞ்சியில் மணிமேகலை பல சமயக் கணக்கர்களைத் தேடிச் சென்று ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கண்ணால் காண்பது ஒன்றே அளவை, அதாவது அறியும் வழி, ஊகித்தறிவதை ஏற்க மாட்டேன் என்கிறான் பூதவாதி, பூதங்களான பொருள்களை மட்டுமே உண்மை என்பவன். அப்படியானால் உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய், அனுமானத்தால், அதாவது ஊகித்தறிவதால் அல்லவா என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். முதலாண்டு மாணவர்களுக்கு அளவையியலைத் தொடங்கும்போது நான் எப்போதும் இந்த இடத்தைத்தான் படித்துக் காட்டுவேன். நம் பிறந்த நாளைக்கூட நாம் பிறர் வாய்மொழியை நம்பித்தான் அறிந்துகொண்டிருக்கிறோம். காண்டல், கருதல், உரை என்று நம் முன்னோர் வகுத்த மூன்றில், உரை என்னும் அளவை இல்லாமல் ஒரு நாளையும் ஓட்ட முடியாது. நம்பத்தக்கவர் யார், எதைச் சொல்லும்போது அவர் நம்பத்தக்கவர் என்று ஆராய்வதும் தர்க்கத்தின் வேலைதான்.

அந்த மாணவியின் வீட்டார் கட்டாயம் அறியவேண்டியது அடுத்து நான் சொல்வது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மிதிலையில் வாழ்ந்த உதயணர் என்ற அறிஞர், நியாயம் என்னும் தர்க்க மரபைச் சேர்ந்தவர், கடவுள் உண்டு என்பதை வாதத்தால் நிறுவுவதற்கென்றே நியாய குசுமாஞ்சலி என்ற நூலை எழுதினார். பானை செய்யப்பட்ட பொருள், அதற்குக் குயவன் உண்டு; உலகமும் செய்யப்பட்ட பொருள், அதற்கும் ஒரு கர்த்தா இருந்தாக வேண்டும் என்பது அதன் முதல் வாதம். இதை ஒரு நாத்திகர் மறுத்திருந்தால் நமக்கு வியப்பிருக்காது. இந்த வகை வாதத்தை விரிவாக எடுத்து உடைத்தவர் பிரம்மசூத்திரம் என்னும் வேதாந்த மூலநூலுக்கு ஸ்ரீபாஷ்யம் என்ற உரை எழுதிய வைணவ ஆசாரியர் இராமானுசர். அந்நூலின் மூன்றாம் சூத்திரத்திற்கு உரை எழுதும்போது அவர் கேட்கும் கேள்விகள் இன்றைக்கும் கூர்மை குறையாதவை: மலையும் கடலும் ஒரே நேரத்தில் செய்யப்பட்டன என்பதற்கு என்ன சான்று? மாளிகையைப் பலர் கூடிக் கட்டுவதைப் பார்க்கிறோமே, உலகைச் செய்தவர் ஒருவர்தான் என்று எப்படிச் சொல்வது? குயவனை உவமையாக வைத்தால், குயவனுக்கு உள்ள உடலும் குறைகளும் கடவுளுக்கும் வந்து சேராதா? இத்தனையும் கேட்டுவிட்டு, இறைவனை அறிய வேதம் ஒன்றே வழி, அனுமானத்தால் அவனை எட்ட இயலாது என்று முடிக்கிறார். திருமாலுக்குத் தம்மை முழுவதும் ஒப்படைத்த ஒருவர், கடவுள் உண்டு என்பதற்கான மிகப் புகழ்பெற்ற நிரூபணத்தைத் தம் கையாலேயே எடுத்து அப்புறப்படுத்தியிருக்கிறார். அதனால் அவருடைய பக்தியில் ஒரு துளியும் குறையவில்லை. இதை முதன்முதலாகப் படித்த இரவு நான் உறங்கவில்லை.

தமிழ்ச் சைவம் மறுபக்கம் நின்றது. சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் முதல் சூத்திரமே ஓர் அனுமானம்தான். "அவன் அவள் அது" என்று சுட்டப்படும் இந்த உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. ஆகவே அதைத் தோற்றுவிக்கும் ஒருவன் உண்டு என்று அந்நூல் தொடங்குகிறது. இராமானுசர், மெய்கண்டார் இருவரும் இறைவனை நம்பினார்கள். தர்க்கம் அவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்குமா என்பதில்தான் வேறுபட்டார்கள். கேரளத்தில் காலடி என்னும் ஊரில் பிறந்த சங்கரரும், தர்க்கத்துக்கு நிலையான தளம் இல்லை என்னும் பிரம்மசூத்திரச் சூத்திரத்துக்கு உரை எழுதும்போது, ஒரு திறமைசாலி நிறுவியதை அவரினும் திறமைசாலி ஒருவர் வந்து கலைத்துவிடுவார் என்கிறார். அப்படிச் சொன்னவரே பக்கம் பக்கமாகத் தர்க்கம் செய்தவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சைவ சித்தாந்தம் ஞானத்திற்குக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று நான்கு படி சொல்லும். கேட்டலிலிருந்து தெளிதலுக்குச் சிந்தித்தலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நம் மாவட்டத்தில் ஒரே தெருவில் மூன்று சமயத்தாரும் இருக்கிறோம் என்பதால் மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இஸ்லாமியச் சிந்தனையில் 1111இல் மறைந்த கஸ்ஸாலி, தத்துவவாதிகளின் தடுமாற்றத்தைக் காட்டி நூல் எழுதினார். ஆனால் அளவையியலை அவர் தள்ளிவிடவில்லை, அதையே கருவியாகக் கொண்டார். அவருக்கு மறுப்பு எழுதிய இப்னு ருஷ்தும் சமயச் சட்டத்தில் தேர்ந்த நீதிபதிதான். கிறித்தவத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ், கடவுள் உண்டு என்பதை அறிவால் எட்டலாம், ஒரே கடவுள் மூன்று ஆட்களாக இருக்கிறார் என்னும் திரித்துவத்தை, கடவுளே வெளிப்படுத்துவதால் மட்டுமே அறியலாம் என்று எல்லை வகுத்தார். தக்கலையின் சூஃபி ஞானி பீர்முகமது அப்பாவின் ஞானப் பாடல்களைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும்.

இனி நூல்களை விட்டு என் வீட்டுக்கு வருகிறேன். இருபத்தொரு வயதில் நான் தத்துவம் படித்துவிட்டு விடுமுறைக்கு ஊர் வந்திருந்தேன். இந்த மலை பகவதியை வாழ்நாள் முழுதும் கும்பிட்ட என் பாட்டி, அந்தி விளக்குக்குத் திரி உருட்டிக்கொண்டிருந்தார். நான் திண்ணையில் அமர்ந்து, குயவன் வாதம் ஏன் நிற்காது என்பதை அவருக்கு விளங்கும் சொற்களில் ஏறத்தாழ அரை மணி நேரம் எடுத்துரைத்தேன். அவர் ஒருமுறையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு திரியை எண்ணெயில் நனைத்தபடி, "நீ படிச்சது அவ உண்டா இல்லியாண்ணு. நான் அவகிட்ட கேட்டது அதில்ல மக்களே" என்றார்.

என் அப்பாவுக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளைப் பாட்டி இழந்தவர். அவர் பகவதியிடம் என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். என் வாதத்தில் பிழை இல்லை, இன்றும் அதில் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். ஆனால் அந்த வாதம் விடை சொன்ன கேள்வியின் மேல் அவருடைய நம்பிக்கை நின்றிருக்கவில்லை. ஒருவர் தம் தாயை நேசிப்பது தாய் இருக்கிறாள் என்ற முடிவுக்கு ஆராய்ந்து வந்த பிறகு அல்லவே. பாட்டியின் விளக்கும் அப்படித்தான் எரிந்தது.

அப்படியென்றால் தர்க்கத்துக்கு அங்கே வேலையே இல்லையா? இருக்கிறது, அதையும் அவரிடமே கற்றேன். என் தம்பிக்குச் சிறு வயதில் காய்ச்சல் வந்து ஒரு வாரமாக இறங்கவில்லை. உறவினர் ஒருவர் அழைத்து வந்த மந்திரவாதி சோழி போட்டுப் பார்த்து, பகவதிக்கு ஒரு பழைய நேர்ச்சை பாக்கி நிற்கிறது, அவளுடைய கோபம்தான் காய்ச்சலாக வந்திருக்கிறது, பெரிய பூசை செய்தால் இறங்கும் என்றார். வீட்டில் எல்லாரும் பயந்து நின்றபோது பாட்டி, "பெத்த அம்மை பாக்கிக்காகப் பிள்ளையைக் காய்ச்சல்ல போடுவாளா? அப்படிப் போட்டா அவ அம்மையா?" என்று கேட்டார். மந்திரவாதியிடம் பதில் இல்லை. அன்று மாலையே தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், சில நாளில் தேறினான்.

இது தர்க்கம் அல்லாமல் வேறென்ன? அவள் தாய் என்பது நம்பிக்கையிலிருந்து எடுத்த முதல் கூற்று. தாய் பிள்ளையை இப்படி வதைக்க மாட்டாள் என்பது வாழ்க்கையிலிருந்து எடுத்த இரண்டாம் கூற்று. ஆகவே இவர் சொல்வது பொய் என்பது முடிவு. நம்பிக்கையை அதன் சொந்த வார்த்தைக்கே பொறுப்பாக்குகிற இந்த வேலையைத் தத்துவம் செய்யாவிட்டால், சமயத்தின் பெயரால் யார் எதைச் சொன்னாலும் அதற்குத் தலையாட்டுவதைத் தவிர வழி இருக்காது.

இதே வேலையை மிகப் பெரிய அளவில் செய்தவர் நம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தார். ஸ்ரீ நாராயண குரு நம் மருத்துவாழ்மலையில் தவம் இருந்தவர், தமிழிலும் பதிகங்கள் பாடியவர். 1888 சிவராத்திரியில் அவர் நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து அருவிப்புறத்தில் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். பிரதிஷ்டை செய்யும் உரிமை, அன்று தாழ்ந்ததாகக் கருதப்பட்ட ஈழவர் சாதியில் பிறந்த உமக்கு எப்படி வந்தது என்று கேட்டவர்களிடம், நாம் பிரதிஷ்டை செய்தது ஈழவச் சிவனை என்று அவர் மறுமொழி சொன்னதாக வழங்கி வருகிறது. பலர் இதைச் சமயோசிதப் பதில் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் இதை ஓர் இருதலை வாதமாகவே வகுப்பில் விளக்குவேன். சிவனைச் சாதியால் பிரிக்க முடியும் என்றால், உங்கள் சிவனை அவர் தொடவே இல்லை, குறை சொல்ல உங்களுக்கு இடமில்லை. பிரிக்க முடியாது என்றால், எல்லாருக்கும் ஒருவனான அவனை ஒருவர் மட்டும் தொடலாம் என்று சொல்ல இடமில்லை. கேட்டவர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்களுடைய நம்பிக்கையே அவர்களுக்கு எதிர்ச்சாட்சி ஆகிறது. கடவுள் இல்லை என்ற கூற்று அந்த வாதத்துக்குத் தேவைப்படவே இல்லை. நீங்கள் நம்புவதை முழுமையாக நம்புங்கள் என்று மட்டும்தான் அது கேட்டது.

அவருடைய சீடர் சகோதரன் ஐயப்பன், 1917இல் செறாயியில் சமபந்தி விருந்து நடத்தியவர், குருவின் "ஒரு சாதி, ஒரு மதம், ஒரு தெய்வம்" என்ற வாசகத்தை மாற்றி, மனிதனுக்குச் சாதி வேண்டாம், மதம் வேண்டாம், தெய்வம் வேண்டாம் என்றார். குரு அவரை விலக்கவில்லை. 1924 சிவராத்திரியில் ஆலுவாவில் சர்வமத மாநாட்டைக் கூட்டியபோது, வாதிக்கவும் ஜெயிக்கவும் அல்ல, அறியவும் அறிவிக்கவுமே என்று எழுதி வைக்கச் செய்தார். பிற சமயத்தை மறுப்பதற்கு மட்டும் தர்க்கத்தைத் தீட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் பழைய நூல்களிலும் நிறைய உண்டு, இன்றைய மேடைகளில் இன்னும் அதிகம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகிறது; தன் வீட்டுக்குள் ஒருமுறையும் திருப்பிப் பார்க்காத விளக்கு அது.

களியக்காவிளையில் கேட்ட பிள்ளைக்கு: மந்திரவாதி சொன்னதைப் போன்றவை உன் நம்பிக்கையில் கலந்திருந்தால் அவை போய்விடும், போகட்டும். குயவன் வாதத்தின் மேல் மட்டும் நின்ற நம்பிக்கை என்றால் அதுவும் ஆட்டம் காணும். உதயணரையும் இராமானுசரையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு நீயே முடிவு செய். ஐயப்பன் வந்த இடத்துக்கு நீ வந்து சேரவும் கூடும், அதுவும் நேர்மையான இடம்தான் என்று வீட்டில் சொல். பாட்டியின் விளக்கைப் போன்ற ஒன்று உன்னிடம் இருந்தால், அதை அணைக்கும் வாதத்தை முப்பது ஆண்டுகளில் நான் கண்டதில்லை. ஏற்றி வைக்கும் வாதத்தையும் கண்டதில்லை.

வெயில் சாய்ந்துவிட்டது, இறங்க வேண்டும். கேமராவைச் சற்றுத் திருப்பிக் காட்டுகிறேன், பாருங்கள்: இந்தப் பக்கம் தீர்த்தங்கரர்கள், உள்ளே பகவதி. குணந்தாங்கிக் குரத்திகள் பொன் அணிகளோடு ஏறி வந்தது இந்த மலைக்குத்தான். படைப்புக் கடவுளை மறுக்கும் வாதம் முழுவதும் அவருக்குத் தெரிந்திருக்கும். என்ன கொடுத்தார் என்று கல்வெட்டில் இருக்கிறது. தேவியிடம் என்ன கேட்டார் என்று இல்லை.