பனிக்கால இரவு டூட்டி: ஒரு கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் முதியோரை நிரந்தரமாக வைத்துப் பராமரிக்கும் இல்லங்களில் செவிலியர்கள் படும் பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிடுவோம்.

இருபது கட்டில் உள்ள ஓர் இல்லம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எட்டுப் பேர் தாமாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இவர்களை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்றுதான் பாடத்தில் சொல்லித் தருகிறார்கள். திருப்பி, ஈர டயப்பரை மாற்றி, இடுப்பையும் குதிகாலையும் பார்த்து, தலையணை அண்டக் கொடுத்து, கம்பளி போர்த்த இரண்டு பேர் சேர்ந்தாலும் 8 நிமிடம் ஆகும். எட்டுப் பேருக்கு 64 நிமிடம். அடுத்த சுற்றுக்கு மிச்சம் 56 நிமிடம். மாத்திரை, மூக்குக் குழாய் வழி உணவு, பாத்ரூமுக்கு எழுந்திருக்கும் மற்ற பன்னிரண்டு பேர், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு நர்ஸ், ஓர் ஆயா மட்டும் இருக்கும் இரவில் இது நடக்காது. ஆனால் காலையில் சார்ட்டைப் பார்த்தால் 10, 12, 2, 4 என்று ஒரே பேனாவில் வரிசையாக டிக் விழுந்திருக்கும். அந்த டிக்கைப் போட வைத்தது, இரவுக்கு இரண்டே பேரைப் போட்ட டூட்டி ரோஸ்டர். நர்ஸை மட்டும் கூப்பிட்டுத் திட்டுவதில் நியாயமில்லை.

ஆள் கூட்ட முடியாத இல்லம் என்ன செய்யலாம்? எட்டுப் பேரையும் ஒரே தட்டில் வைக்காமல் பிரிக்கலாம். நல்ல ஃபோம் மெத்தை, சிவக்காத தோல், ஓரளவு சாப்பாடு என்று இருப்பவருக்கு 4 மணி நேர இடைவெளி போதும் என்று மருத்துவரிடமே எழுதி வாங்கலாம். மெலிந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஏற்கெனவே புண் வந்தவர்கள், இவர்களுக்கு மட்டும் 2 மணி நேரம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அதுதான் புண்ணின் முதல் கட்டம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. புறங்கையால் தொட்டு, சூடும் கெட்டித்தன்மையும் பக்கத்துத் தோலிலிருந்து மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பாரமெல்லாம் இடுப்பெலும்பில் விழும். 30 டிகிரி சாய்வு போதும். தலையணை கெண்டைக்காலுக்கு அடியில், குதிகால் மெத்தையைத் தொடாமல் இருக்கட்டும்.

அக்குளில் கை கொடுத்து மேலே இழுக்கவே கூடாது. படுத்திருப்பவரின் தோல் உரியும், உங்கள் முதுகு போகும். அவருக்கு அடியில் குறுக்கே மடித்து விரித்த பெட்ஷீட்டை இருபுறமும் இருவர் பிடித்து நகர்த்த வேண்டும். வீட்டுக் கட்டிலைப் போட்டு நடத்தும் இல்லங்களில் கட்டில் கால்களுக்கு உறுதியான மரக்கட்டை வைத்து உயர்த்தினாலே நர்ஸின் முதுகுவலி குறையும். ஆனால் எழுந்து நடப்பவரின் கட்டிலை உயர்த்திவிடாதீர்கள், விழுந்துவிடுவார்.

இனி குளிர். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவில், விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 84 சதவீதம் காட்டியதும் பதறி ஆக்சிஜனைக் கூட்டுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. விரல் சில்லிட்டு ரத்த ஓட்டம் குறைந்தால் கருவி தப்பாகக் காட்டும். கையைக் கம்பளிக்குள் 5 நிமிடம் சூடாக வைத்து, மருதாணி இல்லாத விரலில் மறுபடி பாருங்கள், மூச்சு விடுவதையும் எண்ணுங்கள். உதகை 2,200 மீட்டர் உயரத்துக்கும் மேல் இருக்கிறது. சமவெளியில் 98 காட்டும் ஆளுக்கு இங்கே 94, 95 காட்டினால் வியப்பில்லை. காலமெல்லாம் விறகுப் புகையில் சமைத்து நுரையீரல் கெட்டவர்களுக்கு மருத்துவர் தரும் வரம்பு பெரும்பாலும் 88 முதல் 92 வரைதான். அதற்கு மேல் ஏற்றினால் சிலருக்குக் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும்.

வெந்நீர்ப் பை வேண்டவே வேண்டாம். சர்க்கரையால் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது, காலையில் கொப்புளம்தான் தெரியும். சாக்ஸ், குல்லா, இரண்டு மெல்லிய கம்பளி போதும். கரி அடுப்பை மூடிய அறையில் வைப்பது அதைவிட ஆபத்து. கார்பன் மோனாக்சைடு ஏறினாலும் ஆக்ஸிமீட்டர் 97, 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

குளிர் காலத்தில் வயதானவர்கள் தண்ணீர் கேட்பதில்லை. டயப்பர் மாற்ற ஆளில்லாத இல்லத்தில், சாயந்திரத்துக்கு மேல் தருவதுமில்லை. வெளியே யாரும் சொல்லாவிட்டாலும் இது நடக்கிறது. விளைவு மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, திடீர்க் குழப்பம். முதியவருக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொருவரின் வழக்கமான சூட்டையும் சார்ட்டின் மேலேயே எழுதி வையுங்கள். அதைவிட 2 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால், தெர்மாமீட்டர் 100ஐத் தொடாவிட்டாலும், மருத்துவரை அழைக்க வேண்டும். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று உளறினால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள்.

மறதி நோய் முற்றும்போது பிறகு கற்ற மொழி முதலில் நழுவும். படுகர் மக்களின் மொழியான படுகு பேசி வளர்ந்தவர் படுகுக்கே திரும்பிவிடுவார். சமவெளியிலிருந்து வந்த நர்ஸுக்கு அவர் தண்ணீர் கேட்கிறாரா, வலிக்கிறது என்கிறாரா என்று புரியாது. வலி, தண்ணீர், சிறுநீர், குளிர், பயம் என்று இருபது சொல்லை வீட்டாரிடம் கேட்டு எழுதித் தலைமாட்டில் ஒட்டுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

கரண்ட் போனால், பம்பு வைத்துக் காற்றடிக்கும் ஏர் பெட் மெல்ல இறங்கி, படுத்திருப்பவர் கட்டில் பலகை மேல் கிடப்பார். பம்புக்கும் ஆக்சிஜன் இயந்திரத்துக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு தனியாக வேண்டும். 'பி' வகை ஆக்சிஜன் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஓடினால் 12 மணி நேரம் தாங்கும். டூட்டி மாறும்போது அளவுமானியைப் பார்த்து இருவரும் கையெழுத்துப் போடுவது நல்லது.

மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபட்டால் காலை டூட்டிக்கு வர வேண்டியவர் பஸ்ஸிலேயே மாட்டிக்கொள்வார். இரவு முழுக்க நின்றவர் பகலும் நிற்க வேண்டியதுதான். இன்சுலின் அளவு தப்புவதற்கு இப்படிப்பட்ட காலை ஏற்ற நேரம். அப்படி நின்றவர் ஊசி போடும் முன் இன்னொருவர், நர்ஸ் இல்லாவிட்டால் அலுவலக ஊழியராவது, சிரிஞ்சில் உள்ள யூனிட்டை வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். இப்படி இரவும் பகலும் நிற்பவருக்குப் படுக்க ஓர் அறை, சூடாகச் சாப்பாடு, மிகை நேரத்துக்குச் சம்பளம், இவற்றை ஜூன் மாதத்துக்கு முன்பே நிர்வாகம் எழுத்தில் தந்துவிட வேண்டும்.

பெற்றோரைச் சேர்க்கப் போகும் பிள்ளைகள் தோட்டத்தையும் வரவேற்பறையையும் பார்த்து முடிவு செய்கிறார்கள். இரவு 11 மணிக்கு எத்தனை பேர் டூட்டியில் இருப்பார்கள், அதில் பதிவு பெற்ற செவிலியர் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதிலை வாயால் சொன்னால் போதாது, இந்த மாத ரோஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.