லிண்டா நோக்லின் பெண் ஓவியர்களைக் குறைத்துச் சொன்னாரா?

அடுத்த கேள்வியை ஒரு நேயர் சற்றுக் கோபமாகவே கேட்டிருக்கிறார். "லிண்டா நோக்லினைப் பெண்ணியக் கலை வரலாற்றின் முன்னோடி என்கிறீர்கள். அவரோ 'மாபெரும் பெண் கலைஞர்கள் ஏன் தோன்றவில்லை?' என்று கட்டுரைக்குத் தலைப்பு வைத்திருக்கிறார். ஆண்கள் சொல்லிவந்ததை அப்படியே ஒப்புக்கொண்டதாக ஆகாதா?"

நல்ல கேள்வி. 1971 ஜனவரியில் ஆர்ட்நியூஸ் இதழில் வந்த கட்டுரை அது. தலைப்பைப் பார்த்ததுமே, மறக்கப்பட்ட பெண்களின் பட்டியலை எடுத்து நீட்டத்தான் நமக்குத் தோன்றும். நோக்லின் அந்த அவசரத்துக்கு இடம் கொடுக்கவில்லை. மைக்கலாஞ்சலோவுக்கு ஈடாக ஒரு பெண் இல்லைதான், ஏன் இல்லை என்று பாருங்கள் என்றார். பார்க்கச் சொன்ன இடம் ஓவியப் பள்ளி.

ஐரோப்பாவில் நெடுங்காலம் உயர்ந்த ஓவியம் என்றால் புராண, வரலாற்றுக் காட்சிகள். அவற்றை வரைய மனித உடல் கைவர வேண்டும். உடையற்ற மாடலை எதிரே வைத்து வரைந்து பழக வேண்டும். லண்டன் ராயல் அகாடமியில் 1893 வரை மாணவிகளுக்கு அந்த வகுப்பில் இடமில்லை. பிறகு இடம் கிடைத்தபோதும் மாடல் பாதி போர்த்தியிருக்க வேண்டுமாம்! பயிற்சியை மறுத்துவிட்டு, மேதைமை இல்லை என்று தீர்ப்பு எழுதினால் எப்படி?

இந்தத் தடையைத் தாண்டி வந்த பெண் ஓவியர்களைப் பாருங்கள். ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கியின் தந்தை ஓவியர், ரோசா பொனரின் தந்தையும் ஓவியர். வீட்டிலேயே தூரிகை இருந்தது. நோக்லின் இன்னொரு குத்தலும் வைக்கிறார்: பிரபுக் குடும்பங்களிலிருந்தும்தான் மாபெரும் ஓவியர்கள் அதிகம் வரவில்லை, அவர்கள் பிறவியிலேயே திறமையற்றவர்களா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

நோக்லின் 1931இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர், பிரெஞ்சு ஓவியர் கூர்பேயின் ஓவியங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர், வாசர் கல்லூரியிலும் பிறகு யேல், நியூயார்க் பல்கலைக்கழகங்களிலும் கற்பித்தவர். 2017இல் காலமானார்.

பட்டியலையும் அவர் விட்டுவிடவில்லை. ஆன் சதர்லேண்ட் ஹாரிஸுடன் சேர்ந்து, 1550 முதல் 1950 வரையிலான பெண் ஓவியர்களின் கண்காட்சியை 1976இல் லாஸ் ஏஞ்சல்ஸில் திறந்தார். ஆனால் கட்டுரை முதலில், பட்டியல் பிறகு. அந்த வரிசை முக்கியம் என்பது என் எண்ணம்.

உங்கள் கோபத்துக்குப் பொருத்தமான துணை, கலை வரலாற்றாசிரியர் கிரிசெல்டா போலக். அவரும் ரோசிகா பார்க்கரும் 1981இல் வெளியிட்ட நூலில், 'மாபெரும்' என்கிற அளவுகோலே யார் செய்தது என்று கேட்டார்கள். நோக்லினை மறுக்க விரும்பினால் அங்கிருந்து தொடங்குங்கள். தலைப்பை மட்டும் வைத்து மறுக்க முடியாது.