ஏசியில் கேஸ் ஏன் குறைகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

புவி சூடாவதைக் குறைக்க வீட்டிலிருந்தே என்ன செய்யலாம் என்று கேட்டால், பலரும் துணிப்பை என்பார்கள், மரக்கன்று என்பார்கள். இரண்டும் நல்ல காரியங்கள்தான். ஆனால் ஏசி உள்ள ஒரு வீட்டில் கரியமில வாயுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், கை வைக்க வேண்டிய இடம் வேறாக இருக்கிறது. இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நம் நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அதனால் ஒரு யூனிட் கரண்டுக்குச் சராசரியாக 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. 14.2 கிலோ சமையல் கேஸ் சிலிண்டர் ஒன்று எரிந்து தீர்ந்தால் சுமார் 42 கிலோ. ஆக, 60 யூனிட் கரண்ட் செலவழித்தால் ஒரு சிலிண்டரைக் கொளுத்திய மாதிரி.

சீலிங் ஃபேனையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது கிடைக்கும், கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்ட பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் போதும். நாளுக்கு 16 மணி நேரம் ஓடுகிற ஃபேன் என்றால், ஒன்றை மாற்றினாலே வருடத்துக்கு 260 யூனிட் மிச்சம். நாலு சிலிண்டருக்கு மேல்! ஏசியை 24 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனையும் சுழலவிட்டால் உடம்புக்குக் குளுமை குறைவதில்லை. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு சொல்லும் கணக்கு.

சரி, இதெல்லாம் ஓரளவு தெரிந்த விஷயம். பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது.

கோடை தொடங்கியதும் ஏசி சர்வீஸுக்கு ஆள் வருவார். அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்" என்பார். நாமும் வருடா வருடம் போட வேண்டியதுதான் போலிருக்கிறது என்று பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். வண்டியில் பெட்ரோல் தீர்வதுபோல் ஏசியில் கேஸ் தீராது. மூடிய செப்புக் குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும் பொருள் அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம்.

அப்படிக் கசிவது என்ன தெரியுமா? ஏசிகளில் இருக்கும் கேஸில் சில வகைகள் உண்டு. அதில் ஆர்-410ஏ வகை கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், அது இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். கிட்டத்தட்ட 2,900 யூனிட் கரண்ட். வருடம் முழுக்க விளக்கை அணைத்து அணைத்துச் சேமித்ததெல்லாம் ஒரு தளர்ந்த நட்டு வழியாகப் போய்விடுகிறது என்று நினைக்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. ஆர்-32 பரவாயில்லை, அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆர்-290 என்கிற புரொப்பேனில் பாதிப்பு மிக மிகக் குறைவு. இந்த வகை வாயுக்களைக் குறைப்பதற்கான கிகாலி ஒப்பந்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. ஆனால் நம் நாட்டில் குறைப்பு தொடங்குவது 2032இல்தான். அதுவரை வீட்டுக்கு வீடு நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்ன செய்வது? டாப்-அப் என்றதும், "முதலில் லீக்கைப் பாருங்க தம்பி" என்று சொல்லுங்கள். குழாய் இணைப்பு நட்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் சந்தேகம் அங்கேதான். சோப்பு நுரையைத் தடவினால் குமிழி வரும். அடைத்த பிறகு வாக்குவம் எடுத்து, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றி, தராசில் எடை பார்த்து நிரப்பச் சொல்லுங்கள். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று வெளியே இருக்கும் யூனிட்டில் ஒட்டிய லேபிளிலேயே இருக்கும். இதற்கு நேரமாகும், கூலியும் கூடும். அந்தத் தம்பிகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே நாளில் பல வீடு ஏறி இறங்குகிறார்கள். கூடுதல் நேரத்துக்கான கூலியை நாம் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும்.

அப்புறம், வீடு மாறுகிறவர்கள் கவனியுங்கள். ஏசியைக் கழற்றும்போது சில இடங்களில் கேஸை அப்படியே காற்றில் திறந்துவிடுகிறார்கள். அப்படி வீணாக்காமல் இருக்க 'பம்ப் டவுன்' என்று ஒரு முறை இருக்கிறது. ஏசி ஓடும்போதே ஒரு வால்வை மூடி, கேஸ் முழுவதையும் வெளி யூனிட்டுக்குள் இழுத்து, மற்ற வால்வையும் அடைத்துவிடுவார்கள். சில நிமிட வேலைதான். ஆள் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே பம்ப் டவுன் செய்வாரா என்று கேட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.