குப்பைத் தொட்டியின் மூடி

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் டுராங்கோ என்று ஒரு மலையூர் இருக்கிறது. வேலை நிமித்தமாகச் சில வருடங்கள் அங்கே வாடகை வீட்டில் இருந்தேன். போன புதிதில், ஒரு செப்டம்பர் இரவு, விடிந்தால் குப்பை வண்டி வருமே என்று தொட்டியைத் தெருவோரம் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் தொட்டி குப்புறக் கிடக்கிறது. கோழி எலும்பு, முட்டை ஓடு, பால் டப்பா என்று தெரு முழுக்கக் குப்பை. பீநட் பட்டர் டப்பா ஒன்று மட்டும் கழுவித் துடைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. உள்ளே ஒரு துளி மிச்சமில்லை. மூடியின் விளிம்பில் பல் பதிந்த தடம். வந்து போனது கருங்கரடி.

எதிர்வீட்டுப் பெரியவர் துடைப்பத்தோடு வந்து கூட்டிப் பெருக்க உதவினார். என்னைத் திட்டவில்லை. "ருசி கண்டுவிட்டது, இனி வரும். கடைசியில் அதைச் சுட்டுவிடுவார்கள்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் சொன்னது மிகை இல்லை. ஊருக்குள் தொல்லை தரும் கரடியை முதல் தடவை பிடித்தால் காதில் அடையாள வில்லை மாட்டித் தொலைவில் விடுவார்கள்; மறுபடி மாட்டினால் கொல்வார்கள். கொலராடோவில் வெகுகாலம் இருந்த வழக்கம் இது. தொலைவில் விட்டாலும் மலை தாண்டித் திரும்பி வந்துவிடும் கரடிகள் உண்டு.

கரடி ஏன் ஊருக்குள் வருகிறது? குளிர்காலத்தில் பல மாதம் சாப்பிடாமல் குகையில் கிடக்க வேண்டும். அதனால் இலையுதிர் காலத்தில் ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்று கொழுப்புச் சேர்க்கும். மலையில் அதற்குக் கிடைப்பது ஓக் கொட்டையும் காட்டுப் பழங்களும்தான். வசந்தத்தில் பூத்த நேரம் பார்த்து உறைபனி விழுந்தால் அதுவும் போச்சு. 2012இல் டுராங்கோவில் அப்படித்தான் ஆனது. பசியோடு ஊருக்குள் இறங்கியவற்றில் பல காரில் அடிபட்டன, பல கொல்லப்பட்டன. அந்தப் பகுதியின் பெண் கரடிகளில் பாதிக்கு மேல் இல்லாமல் போயின.

சரி, வழி என்ன? 2011 முதல் 2016 வரை அதே ஊரில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு பகுதி வீடுகளுக்குக் கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டி 1,110 கொடுத்தார்கள். வேறு இரண்டு பகுதிகளை அப்படியே விட்டார்கள். தொட்டி கொடுத்த இடங்களில் குப்பையால் வந்த தொல்லை மற்ற இடங்களைவிட 60 சதவீதம் குறைவாக இருந்தது. துப்பாக்கி வேண்டியிருக்கவில்லை, கூண்டும் வேண்டியிருக்கவில்லை. எனக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

எனக்குக் கிடைத்த தொட்டியில், மூடியின் முன்பக்கம் ஒரு சின்னக் குழி. அதற்குள் விரலை விட்டு உள்ளே இருக்கும் நாக்கை நெம்பினால்தான் திறக்கும். நம் விரல் போகும், கரடியின் பாதம் போகாது. இப்படிப்பட்ட தொட்டிகளை மொன்டானா மாநிலத்தில் வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்ற இடத்தில், உள்ளே தீனி வைத்து, நிஜக் கரடிகள் முன்னால் போட்டுச் சோதிக்கிறார்கள். ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தால்தான் தேர்ச்சி.

ஒரு கரடியைக் குற்றவாளி ஆக்கினால் தீராது என்பதற்குக் கலிபோர்னியாவின் டாஹோ ஏரிக்கரை சாட்சி. 2022இல் அங்கே வீடுகளை உடைத்ததெல்லாம் ஒரே பெருங்கரடி என்றுதான் நம்பினார்கள். டி.என்.ஏ. பார்த்தால் குறைந்தது மூன்று கரடிகள். அவற்றில் ஒரு தாயை மறு வருடம் மூன்று குட்டிகளோடு பிடித்தார்கள். கதவைத் திறக்கும் வித்தை தாயிடமிருந்து குட்டிக்கும் போகும் என்பதுதான் கவலை.

அந்த மாதிரி ஊரில் உங்கள் பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கள்: தொட்டியைக் காலையில் வெளியே வைத்தால் போதும். இலையுதிர் காலத்தில் பறவைக்குத் தானியம் தொங்கவிட வேண்டாம். கார் கதவைப் பூட்டுங்கள், கைப்பிடியை இழுத்துத் திறக்கக் கரடிக்குத் தெரியும். நேரில் பார்த்தால் ஓடாதீர்கள். சத்தமாகப் பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்குங்கள்.

அடுத்த வருடம் அக்டோபரில், பொழுது சாயும் நேரம், ஜன்னல் வழியே ஒரு கரடியைப் பார்த்தேன். பெயர்தான் கருங்கரடி, நிறம் பழுப்பு. வீட்டோரம் நின்ற தொட்டியை மோந்தது, குழியில் நகத்தை வைத்துப் பார்த்தது, ஒரு தடவை உலுக்கியது. மூடி அசையவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேட்டில் இருந்த ஓக் புதர்களைப் பார்த்து நடந்தது. திரும்பும்போதுதான் கவனித்தேன், அதன் காதில் வில்லை இருந்தது.