விளக்கு ஒன்றுதான், முகம் ஏன் இரண்டு?

நடுவர் அவர்களுக்கும், எதிரே அமர்ந்து என்னையே ஃபோகஸ் செய்துகொண்டிருக்கும் எதிரணி நண்பர்களுக்கும், அரங்கத்தாருக்கும் வணக்கம்.

'உருவப்படத்துக்கு உயிர் கொடுப்பது கருவியும் ஒளியுமா? எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் இடையே உண்டாகும் உறவா?' இதுதான் தலைப்பு. உறவே என்று பேச வந்திருக்கிறேன். முகங்களைப் படம் எடுப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். ஆகவே எதிரணித் தலைவர் அடுக்கிய லென்ஸும் லைட்டும் என் வீட்டிலும் இருக்கின்றன. அவற்றுக்கு வாங்கிய கடனும் கூடவே இருக்கிறது.

அவர் என்ன சொன்னார்? '85 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டு, லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரைத் திற, பக்கவாட்டில் வெளிச்சத்தை மென்மையாக்கும் ஒரு சாஃப்ட்பாக்ஸ் வை. கண் எங்கே இருக்கிறது என்று கேமராவே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்துவிடும். அப்புறம் உறவு எதற்கு?' கேட்க நன்றாகத்தான் இருந்தது, நானும் கை தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, இங்கே இருக்கிற எல்லோரும் தங்கள் அடையாள அட்டையில் இருக்கும் படத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அதில் ஃபோகஸ் சரி. ஒளி இரண்டு பக்கமும் சமம். பின்னணி வெள்ளை. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆளை அடையாளம் காட்டத்தான் அந்த அட்டை. அதை நீட்டினால், 'இது நீங்கள்தானா?' என்று மேலும் கீழும் பார்க்கிறார்கள். அதை எடுத்தவர் மேல் தப்பில்லை. 'நேரா பாருங்க, அடுத்தவர் வாங்க' என்பதற்கு மேல் பேச அவருக்கு நேரம் கிடையாது. ஒரு முகம் இன்னொரு முகத்துக்குப் பதில் சொல்லாமல் சும்மா இருந்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் நாம் அந்தப் படத்தில் இருக்கிறோம்.

சரி, கருவியாலேயே முகத்தில் உணர்ச்சியை வரவழைத்துவிட முடியாதா? முடியுமா என்று ஒருவர் சோதித்தே பார்த்துவிட்டார். பிரான்ஸில் கியோம் துஷேன் என்ற மருத்துவர். எதிரணி நண்பர்கள் லைட்டோடு நின்றுவிட்டார்கள்; அவர் மின்சாரத்தையே நேராக முகத்தில் பாய்ச்சினார். முகத்தில் அவ்வளவாக உணர்வு இல்லாத, பல் போன ஒரு முதியவரை உட்கார வைத்து, கன்னத்தில் இங்கே தொட்டால் எந்தத் தசை இழுக்கும், நெற்றியில் அங்கே தொட்டால் எது சுருங்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அத்தனையையும் புகைப்படமாக எடுத்து, 1862-இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டது என்ன தெரியுமா? உதட்டின் ஓரத்தை மேலே இழுக்கும் தசை, சொன்னால் கேட்கும். நாம் நினைத்தாலே இழுக்கும். ஆனால் கண்ணைச் சுற்றி ஒரு தசை இருக்கிறது. உண்மையான மகிழ்ச்சி வந்தால்தான் அது அசையும், ஆணைக்கு அடங்காது என்று எழுதினார். கண்ணும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்புக்கு இன்றைக்கும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். 'சிரிங்க, சிரிங்க' என்று நாங்கள் கத்தும்போது உங்கள் உதடு மட்டும் எங்களுக்கு மரியாதை கொடுக்கிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. துஷேனின் சோதனைகளுக்குப் படம் எடுத்து உதவியவர் ஆத்ரியன் தூர்நஷோன். அவருடைய அண்ணன்தான் பாரீஸின் புகழ்பெற்ற உருவப்படக்காரர் நதார். 'நதார்' என்ற பெயர் யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் 1850-களில் நீதிமன்றம் வரை போனார்கள். அங்கே அண்ணன் வைத்த வாதத்தின் சாரம் இது: புகைப்படக் கலையின் கோட்பாட்டை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம், செய்முறையை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். எதிரே இருப்பவரின் மனத்தைச் சட்டென்று புரிந்துகொண்டு அவரோடு ஒன்றிப்போகும் திறமை இருக்கிறதே, அதைக் கற்றுக்கொடுக்க முடியாது. பெயரும் அவருக்குத்தான் கிடைத்தது. நடுவர் அவர்களே, இன்றைய தலைப்புக்கு அன்றைக்கே ஒரு நீதிமன்றத்தில் எங்கள் அணிக்காக ஒருவர் பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

பழைய கதை போதும் என்கிறீர்களா? என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் படம் எடுத்துக்கொள்ள வந்தார். கஞ்சி போட்ட சட்டை, கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு கையையும் தொடையில் ஒட்ட வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார். இதை எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிறோம். மூச்சைப் பிடித்தால் தோள் ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் கல்லாகிவிடும். நான் கேமராவை டிரைபாடிலேயே விட்டுவிட்டு, என் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டி, 'இது ஏன் தினமும் பின்தங்குகிறது?' என்றேன். அவர் வாங்கியதும் முதலில் காதில் வைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். வலது கண் தானாகச் சுருங்கியது. காலமெல்லாம் லென்ஸை இடுக்கிப் பழகிய கண் அது. இடது புருவம் மேலே போயிற்று. உள்ளே இருக்கிற பல்சக்கரத்தோடு ஏதோ வழக்கு பேசுவதுபோல் உதடு லேசாக அசைந்தது. கையில் இருந்த ரிமோட்டை அழுத்தினேன். ஷட்டர் சத்தம் அவர் காதில் விழவே இல்லை.

எதிரணி நண்பர் இப்போதே முணுமுணுக்கிறார், 'ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருந்திருக்கும்' என்று. இருந்தது ஐயா. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் அந்த வெளிச்சம் அங்கேயேதான் இருந்தது.

'ஐந்து நிமிடம் கிடைக்கும் பத்திரிகைப் புகைப்படக்காரர் உறவுக்கு எங்கே போவார்?' என்று ஒரு கேள்வி. லண்டனில் ஜேன் பௌன் இருந்தார். அப்சர்வர் பத்திரிகைக்காகப் பல பத்தாண்டுகள் முகங்களை எடுத்தவர். ஃபிளாஷ் மூட்டை கிடையாது. புறங்கையில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்தே கேமராவில் ஒளி அளவை வைத்துவிடுவார். கருவியோடு மல்லுக்கட்ட வேண்டியிராததால் கிடைத்த நேரம் முழுவதும் எதிரே இருந்த ஆளுக்கே போயிற்று. நேரம் குறையக் குறைய உறவு தேவையில்லை என்று ஆகாது, அதை விரைவாக உண்டாக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது எதிரணித் தலைவர் பெரிய துருப்புச் சீட்டாக வைத்த சர்ச்சில் படத்துக்கு வருகிறேன். 1941 டிசம்பர் 30, கனடாவின் ஒட்டாவா. அந்நாட்டு நாடாளுமன்றத்தில் பேசிவிட்டு வந்த பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலைப் படம் எடுக்க யூசுஃப் கார்ஷ் காத்திருந்தார். விளக்குகளை முந்தின நாளே அமைத்தாகிவிட்டது. வந்தவருக்கோ படம் எடுக்கப்போகும் விஷயமே தெரியாது. சுருட்டை வாயிலிருந்து எடுக்கவும் மாட்டேன் என்கிறார். கார்ஷ் நேரே போய், 'மன்னியுங்கள் ஐயா' என்று சொல்லிச் சுருட்டை வாயிலிருந்தே பிடுங்கிவிட்டு வந்து ஷட்டரை அழுத்தினார். உலகம் முழுக்கத் தெரிந்த அந்த முறைப்பு அப்படி வந்ததுதான். 'பார்த்தீர்களா, சுருட்டைப் பிடுங்கினவனுக்கும் பிடுங்கப்பட்டவனுக்கும் என்ன உறவு?' என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டார் தலைவர்.

கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாரே! அடுத்து நடந்தது என்ன? சர்ச்சில் சிரித்துவிட்டார். 'இன்னொன்று எடுத்துக்கொள்' என்றார். கார்ஷ் எடுத்தார். புன்னகை பூத்த அந்த இரண்டாவது சர்ச்சில் படமும் இருக்கிறது. அதே அறை, அதே விளக்கு, அதே கேமரா, அதே கோட்டு. இரண்டுக்கும் நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான்: அந்த இரண்டு பேருக்கும் இடையில் நடந்தது. உறவு என்றால் கொஞ்சிக் குலாவுவது மட்டும்தான் என்று எதிரணி நினைத்துக்கொண்டிருக்கிறது. கோபமும் உறவுதான். வேண்டுமானால் உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இதையே குறுக்கு வழியில் செய்தவரும் உண்டு. 1957-இல், பிரிட்டிஷ் அரியணையைத் துறந்த முன்னாள் மன்னரான வின்ட்சர் கோமகனும் அவர் மனைவி கோமகளும் அமெரிக்கப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடன் முன் வழக்கமான சபை முகத்தோடு நின்றார்கள். அவர்களுக்கு நாய் என்றால் உயிர் என்று அவெடனுக்குத் தெரியும். 'வரும் வழியில் என் டாக்சி ஒரு நாயை ஏற்றிக் கொன்றுவிட்டது' என்று ஒரு பொய்யைச் சொன்னார். இரண்டு முகமும் அப்படியே சரிந்தன, படம் எடுத்துவிட்டார். இந்தத் தந்திரம் எனக்குப் பிடிக்காது, நான் செய்யவும் மாட்டேன். ஆனாலும் பாருங்கள், அங்கேயும் முகத்தை மாற்றியது லைட் இல்லை. அவர்கள் மனத்தில் எது இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்த ஒரு மனிதர்.

எங்கள் அணிக்கு உண்மையிலேயே கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. அதை எதிரணி கேட்கவில்லை, நானே கேட்டுவிடுகிறேன். 1936 மார்ச், கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்த கூலித் தொழிலாளர் முகாமில் டோரதியா லாங்கே என்ற புகைப்படக்காரர் ஒரு தாயைப் படம் எடுத்தார். தோளில் முகம் புதைத்த இரண்டு பிள்ளைகள், தாடையருகே போன கை, எங்கோ பார்க்கும் கண். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பிரபலமான முகங்களில் ஒன்று. அந்த அம்மாவின் பெயரைக்கூட லாங்கே கேட்கவில்லை. உறவு எங்கே?

படத்தில் இருக்கிறது என்பேன். லாங்கே தூரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு படத்துக்கும் நெருங்கி நெருங்கிப் போனார். அந்த அம்மா விரட்டவில்லை, எழுந்து போகவில்லை, நெருங்க விட்டார். அந்த அனுமதிதான் அந்த முகத்தில் தெரிகிறது. ஆனால் படம் எடுத்த பிறகு உறவு இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். 1978-இல்தான் அந்த அம்மா ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று வெளியே தெரிந்தது. என் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், அதனால் எனக்கு ஒரு காசும் வரவில்லை, என் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்று மனம் கசந்து பேசினார். அவர் லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை நடுவர் அவர்களே. தன்னிடமிருந்து வாங்கியதைப் பற்றியும், தனக்குத் திரும்பி வராததைப் பற்றியும்தான் பேசினார். நாற்பது ஆண்டு கழித்தும் ஆறாமல் இருந்த அந்த வருத்தம் கருவியைப் பற்றியதா, உறவைப் பற்றியதா?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். எனக்கு அடுத்து வரும் எதிரணி நண்பர் புதிய லென்ஸ்களைப் பற்றித் தாராளமாகப் பேசட்டும், எனக்கும் வாங்குகிற ஆசை இருக்கிறது. அதற்கு முன்னால், ஒட்டாவாவின் அந்த அறையில் விளக்கு ஒன்றாக இருந்தும் முகம் ஏன் இரண்டாக வந்தது என்பதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும். நன்றி, வணக்கம்.