ஒரு துறவி எழுதிய ஆண்டுக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். காசோலையில், ரயில் டிக்கெட்டில், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழில் தினமும் ஓர் ஆண்டைப் பார்க்கிறோம். இயேசு பிறந்ததிலிருந்து எண்ணிய கணக்கு அது. ஆனால் அவர் எந்த ஆண்டில் பிறந்தார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

கணக்கைத் தொடங்கியவர் டயோனிசியஸ் என்ற துறவி. ஆறாம் நூற்றாண்டில் ரோம் நகரில் வாழ்ந்தவர். அவரைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். கணக்குத் தெரியாமல் உலகத்தையே குழப்பிவிட்டார் என்று அவரைப் பலரும் போகிற போக்கில் சொல்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அவர் செய்ய உட்கார்ந்த வேலையே வேறு. இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் ஈஸ்டர் ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு தேதியில் வருகிறது, இல்லையா? நிலவையும் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துப் பார்த்துக் குறிக்கும் நாள் அது. அதற்கு அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த ஓர் அட்டவணை இருந்தது. அது சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்பதால், 525இல் அதன் தொடர்ச்சியை எழுதினார் டயோனிசியஸ்.

பழைய அட்டவணை ஆண்டுகளை எங்கிருந்து எண்ணியது தெரியுமா? ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஆட்சிக்கு வந்த 284இலிருந்து. தேவாலயங்களை இடிக்கச் சொன்னவர், கிறிஸ்தவர்களைக் கொல்லவைத்தவர். உயிர்த்த ஞாயிறைக் குறிக்கிற ஏட்டில் வருடா வருடம் அவர் பெயரா? துறவியின் மனம் ஒப்பவில்லை. அந்தக் கொடியவனின் நினைவு வேண்டாம், ஆண்டவர் பெயரால் எண்ணுவோம் என்று காரணத்தையும் எழுதிவைத்தார். டயோக்ளீஷியன் ஆண்டு 247 என்று பழைய அட்டவணை முடிகிறது. அடுத்த ஆண்டை 532 என்று இவர் தொடங்குகிறார். நாம் இன்று எழுதும் எண் அந்த வரியிலிருந்து வருவது. எனக்கு எப்போது நினைத்தாலும் சிலிர்க்கும் இடம் இது.

சரி, இயேசு பிறந்து 525 ஆண்டுகள் ஆயின என்று அவர் எப்படிக் கண்டார்? அதை மட்டும் அவர் விளக்கவில்லை.

சிக்கல் இங்கேதான். மத்தேயு நற்செய்தியில் இயேசு பிறக்கும்போது ஏரோது அரசன் உயிருடன் இருக்கிறான். ஏரோது இறப்பதற்குச் சற்று முன்பு சந்திர கிரகணம், இறந்த பிறகு யூதர்களின் பஸ்கா பண்டிகை என்று எழுதுகிறார் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். இதையும் மற்றக் குறிப்புகளையும் வைத்துப் பெரும்பாலான ஆய்வாளர்கள் அவன் இறந்தது கி.மு. 4 என்கிறார்கள். அப்படியானால் இயேசு அதற்கும் முன்பே பிறந்திருக்க வேண்டும். லூக்கா நற்செய்தியோ, சிரேனியு என்பவர் சீரியாவின் ஆளுநராக இருந்தபோது நடந்த குடிமதிப்பின், அதாவது மக்கள் கணக்கெடுப்பின், சமயத்தில் இயேசு பிறந்தார் என்கிறது. ஜோசிபஸ் சொல்லும் சிரேனியுவின் குடிமதிப்பு கி.பி. 6இல் நடந்தது. இடையில் ஏறக்குறைய பத்து ஆண்டுகள்! இரண்டையும் இணைக்க எத்தனையோ பேர் முயன்றார்கள். எல்லாரும் ஏற்கும் விடை இல்லை.

சுழியம் ஆண்டு இல்லாததையும் டயோனிசியஸ் தலையில் சுமத்துகிறார்கள். கி.மு. 1 முடிந்ததும் கி.பி. 1 வந்துவிடுகிறதே என்கிறார்கள். கி.மு. என்று பின்னோக்கி எண்ணியவரே அவர் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், அவர் எழுதியது ஈஸ்டர் அட்டவணை.

நேரம் குறைவு என்று சைகை வருகிறது. அப்புறம் இங்கிலாந்துத் துறவி பீட், 731இல் முடித்த தம் வரலாற்று நூலில் இந்தக் கணக்கைக் கையாண்டு பரவச் செய்தார். போர்ச்சுகல் 1422இல்தான் இதற்கு மாறியது. இயேசு பிறந்த ஆண்டைத் தேடி, கி.மு. 7இல் வியாழனும் சனியும் வானில் நெருங்கி வந்ததை வானியலாளர் கெப்ளர் கணக்கிட்டுப் பார்த்த கதைக்கு இன்று இடமில்லை. வணக்கம்.