ரெஹாட் (பள்ளி இடைவேளை) மணி அடிக்கும்போது நாசி லெமாக் எங்கே இருக்கும்?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை நான். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நம் உடம்பின் செரிமானத்தை எப்படிப் புரியவைப்பது என்று பேச அழைத்திருக்கிறார்கள். பெற்றோரும், தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லித்தரும் அண்ணன் அக்காமாரும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில், வீட்டுச் சமையலறையிலேயே செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

படிவம் 2 அறிவியலில் இந்தப் பாடம் வருகிறது. வாய், உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று படத்தில் பிள்ளைகள் சரியாகப் பெயர் எழுதிவிடுவார்கள். “காலையில் ஆறரைக்கு நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினாயே, பத்து மணிக்கு ரெஹாட் மணி அடிக்கும்போது அது எங்கே இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார்கள். “அதெல்லாம் எப்பவோ போயிருக்கும் டீச்சர்” என்பார்கள்.

போகவில்லை. தேங்காய்ப்பாலும் வறுத்த நெத்திலியும் சேர்ந்த சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க நான்கு மணி நேரம்கூட ஆகும். கொழுப்பு அதிகமானால் இரைப்பை அதை மெதுவாகத்தான் விடும். ஆகவே பத்து மணிக்கு அதில் ஒரு பங்கு இன்னும் இரைப்பையில், மீதி சிறுகுடலில். முந்தின இரவுச் சாப்பாடு பெருங்குடலில். ஒரே வயிற்றில் இரண்டு வேளைச் சாப்பாடு வேறு வேறு இடத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தவுடன் பிள்ளைகள் தங்கள் வயிற்றைத் தடவிப் பார்ப்பார்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. கடிகாரத்தை வைத்துத்தான் செரிமானத்தைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். படம் அப்புறம் வரட்டும்.

பசியாறாமல் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும் ஒரு கேள்வி இருக்கும். சபைகூடலில் எல்லாரும் அமைதியாக நிற்கும்போது வயிறு கடமுடா என்று ஏன் கத்துகிறது? இரைப்பையும் சிறுகுடலும் காலியாக இருக்கும்போது, ஏறத்தாழ ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, தசைகள் வலுவாகச் சுருங்கி மேலிருந்து கீழே ஓர் அலையாக ஓடும். மிச்சம் மீதியை அது கீழே தள்ளிவிடும். உள்ளே இருக்கும் காற்றும் நீரும் அப்போது நகர்வதால்தான் அந்தச் சத்தம். இதைச் சொன்னால் வெட்கம் பாதி குறைந்துவிடும்.

அடுத்து வாய். வடிகஞ்சியை நீர்க்கக் கலக்கி இரண்டு சிறிய கோப்பைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் பிள்ளை தன் உமிழ்நீரைச் சேர்க்கட்டும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கோப்பையை உள்ளங்கைச் சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருந்து, மருந்துக்கடையில் வாங்கிய அயோடினை இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். வெறும் கஞ்சி சட்டென்று கருநீலமாகும். உமிழ்நீர் சேர்ந்தது நிறம் மங்கி இளம்பழுப்பாக நிற்கும். உமிழ்நீரில் இருக்கும் அமிலேஸ் நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைத்துவிட்டது. நீலமாக மாற அங்கே மாவுச்சத்து மிச்சமில்லை. அயோடின் கலந்ததை யாரும் வாயில் வைக்காமல் கொட்டிவிடுங்கள். வேறொரு வாய் வெறுஞ்சோற்றை விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றால், மெல்ல இனிக்கத் தொடங்குவதும் தெரியும். கண்ணாலும் நாக்காலும் படித்ததைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

இரைப்பையைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, பெப்சின் புரதத்தை உடைக்கிறது என்று புத்தகமே நன்றாகச் சொல்கிறது. கல்லீரல் சுரக்கும் பித்தநீர்தான் பிள்ளைகளைக் குழப்பும். நாசி லெமாக் தின்ற தட்டை முதலில் வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு சொட்டுச் சவர்க்காரம் விடச் சொல்லுங்கள். எண்ணெய் சிறு சிறு துளியாகப் பிரிந்து ஓடும். பித்தநீர் கொழுப்புக்குச் செய்வதும் அதையேதான். அப்படிப் பிரிந்த துளிகளைக் கணையத்தின் நொதி வந்து உடைக்கிறது.

பையன்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சம்பால் தின்றால் நாக்கு எரிகிறது, சரி. மறுநாள் காலையில் கழிவறையிலும் எரிகிறதே, ஏன்? தயவுசெய்து அதட்டி அடக்காதீர்கள், அருமையான கேள்வி அது. மிளகாயில் உள்ள கேப்சைசின், சுடுவதை உணரும் அதே நரம்பு வாயிலைத் திறந்துவிடுகிறது. அதை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்த வாயில்கள் செரிமானப் பாதை நெடுகிலும், கடைசி முனையிலும் இருக்கின்றன. கேப்சைசின் முழுவதும் உறிஞ்சப்படுவதும் இல்லை. அதனால்தான் இரண்டாவது எரிச்சல்.

சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். ராஃபியா கயிற்றை அளந்து வெட்டி வாசலில் நீட்டிப் போடுங்கள். உள்சுவரில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் உணவுச் சத்தை உறிஞ்சும் லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. அந்தப் பரப்பை விரித்தால் டென்னிஸ் திடல் அளவு வரும் என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது சுமார் 30 சதுர மீட்டர்தான் வந்தது. பூப்பந்துத் திடலில் பாதிகூட இல்லை. அதுவே நம் வயிற்றுக்குள் அடங்கியிருப்பது பெரிய விஷயம்.

இனி ஆறு போத்தல் பாடம். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல்கள் ஆறை மேசையில் வரிசையாக வையுங்கள். மொத்தம் 9 லிட்டர். ஒரு நாளில் நம் குடலுக்குள் இறங்கும் நீர் ஏறத்தாழ இவ்வளவு. நாம் குடித்தது 2 லிட்டர் இருக்கும். மீதி 7 லிட்டரும் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என்று உடம்பே ஊற்றியது. பிறகு ஒரு சின்ன டம்ளரில் அரை டம்ளர் தண்ணீரை ஊற்றிக் காட்டுங்கள். கடைசியில் மலத்தோடு வெளியே போவது அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றையும் குடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வயிற்றுப்போக்கு வந்தால் ஆள் ஏன் அரை நாளில் துவண்டுவிடுகிறார் என்பதை அந்தப் போத்தல்களைப் பார்த்த பிள்ளைக்கு விளக்க வேண்டியதே இல்லை.

வெறும் தண்ணீர் அப்போது போதாது. குளுக்கோஸ் குடல் சுவரைக் கடக்கும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகும். உப்பின் பின்னால் தண்ணீர் போகும். வயிற்றுப்போக்கிலும் இந்த வழி அடைபடுவதில்லை. 1971இல், வங்காளதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. கிளினிக்கில் தரும் உப்புநீர்ப் பொட்டலம் இந்தக் கணக்குதான். பொட்டலம் கையில் இல்லையென்றால், ஆறிய கொதிநீர் 1 லிட்டரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு தப்பக் கூடாது. உப்பு கூடினால் ஆபத்து. நம் பாட்டிமார் லயத்து வீடுகளில் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்களே, அதிலும் இதே வேலை நடந்தது. கஞ்சியின் மாவுச்சத்து குடலில் உடைந்து குளுக்கோஸாகிறது.

பெருங்குடலைப் பற்றிப் பேசப் பலர் கூச்சப்படுகிறார்கள். பள்ளிக் கழிவறை பிடிக்காமல் மாலை வரை அடக்கிக்கொள்ளும் பெண்பிள்ளைகள் நிறையப் பேர். மலம் தங்கத் தங்கப் பெருங்குடல் அதிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; இறுகும், வலிக்கும், மறுநாளும் அடக்கத் தோன்றும். காலையில் பத்து நிமிடம் முன்னதாக எழுப்பிவிடுங்கள். சாப்பிட்டவுடன் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். பசியாறிய பிறகு பஸ்ஸுக்கு முன் அந்த நேரத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.

கடைசியாக, குடல்வால். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில், வயிற்றின் வலப்பக்கம் கீழே அது தொங்குகிறது. அதில் அழற்சி வருவது பதின்ம வயதிலும் இருபதுகளிலும்தான் அதிகம். வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கிச் சில மணி நேரத்தில் வலப்பக்கம் கீழே இறங்கி நிற்கும். சாப்பிடப் பிடிக்காது, வாந்தி வரும், லேசாகக் காய்ச்சலும் வரலாம். நம் வீடுகளில் “குடல் ஏறிக்கொண்டது” என்று எண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இந்த வலியில் நீவவே கூடாது. அழற்சி கண்ட குடல்வால் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. பேதி மருந்தும் வேண்டாம். சோறு தண்ணீர் கொடுக்காமல் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இன்றைக்கே பிள்ளையைக் கூப்பிட்டு, அந்த இடத்தில் அவர்கள் விரலையே வைக்கச் சொல்லிக் காட்டிக்கொடுங்கள். நன்றி, வணக்கம்.